மறுப்பு வருவதற்குள் ரயில் ஏறிவிட்டார்கள்

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூரிலும் கோவையிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயில் நிலையங்களில் திரண்டார்கள். ஹோலிக்கு ஊர் போகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். உயிருக்குப் பயந்து கிளம்பியவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் பீகார்காரர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று சொல்லும் வீடியோக்கள் அதற்கு முன்பே அவர்கள் செல்போன்களுக்கு வந்துவிட்டிருந்தன.

அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு உடனே மறுத்தார். பரவிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இடையே நடந்த சண்டை என்று விளக்கினார். காயம்பட்ட தொழிலாளர்களைக் காட்டிய மற்றொரு வீடியோ, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடிக்கவைத்து எடுக்கப்பட்டது என்று பீகார் போலீசாரே கண்டுபிடித்தார்கள். பீகார் அரசு நால்வர் குழுவை இங்கே அனுப்பியது. முதல்வர் ஸ்டாலின் தொழிலாளர்களை நேரில் சந்தித்துப் பேசினார். எல்லாம் நடந்தது, ஆனால் கிளம்பியவர்கள் கிளம்பிய பிறகு.

வாட்ஸ்அப் வதந்தியாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. இந்தி நாளிதழான 'தைனிக் பாஸ்கர்' இதைச் செய்தியாக்கியது. அதன் ஆசிரியர் மீது தமிழக போலீசார் வழக்குப் பதிந்தார்கள். இந்தி பேசியதற்காக 12 பேரைத் தூக்கிலிட்டார்கள் என்று ட்விட்டரில் எழுதிய பா.ஜ.க. பிரமுகர் பிரசாந்த் உம்ராவ் ஒரு வழக்கறிஞர். அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், இன்னும் பொறுப்போடு நடந்திருக்க வேண்டும் என்றது. பத்திரிகையில் வந்தது, படித்தவர் சொன்னது என்றானதும் வதந்திக்குச் சாட்சி கிடைத்துவிடுகிறது. ஊடகத்தின் பொறுப்பு தொடங்குவது இங்கேதான். பன்னிரண்டு பேர் செத்திருந்தால் பன்னிரண்டு பெயர் இருக்கும், ஊர் இருக்கும், எஃப்ஐஆர் இருக்கும், பிரேதப் பரிசோதனை நடந்த ஆஸ்பத்திரி இருக்கும். அச்சுக்கு அனுப்பும் முன் திருப்பூருக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

தவறான செய்தியைப் பிறகு ஃபேக்ட் செக் செய்துகொள்ளலாம் என்பது ஆறுதலான நினைப்பு. ஆனால் உண்மை சரிபார்ப்போர் கையில் இருப்பவை சில கருவிகள்தான்: படத்தின் பழைய பதிவைத் தேடுவது, இடத்தையும் தேதியையும் கண்டறிவது, சம்பந்தப்பட்ட அதிகாரியைக் கேட்பது. பழைய வீடியோவுக்குப் புதுத் தலைப்பு ஒட்டினால் பிடித்துவிடலாம். புதிதாக நடித்து எடுத்ததற்குப் பழைய பதிவே கிடையாது. பாட்னா வீடியோவைப் போலீஸ் விசாரணைதான் உடைத்தது. 'தமிழ்நாட்டில் பாதுகாப்பு இல்லையா?' என்று கேள்விக்குறி போட்ட தலைப்பில் சரிபார்க்க என்ன இருக்கிறது? ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் விவாத நிகழ்ச்சியில் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் மொத்தமும் பொய்யாகலாம்.

தீர்ப்பு சொல்வது யார் என்பதும் சிக்கல்தான். தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று மத்திய அரசே சொல்லும் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு 2023-ல் விதி கொண்டுவரப்பட்டது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதன் அறிவிக்கைக்குத் தடை விதித்தது. செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் விதியையே ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் 2023-ல் இப்படியொரு பிரிவைத் தொடங்கியது. செய்திக்கு உள்ளாகும் அரசே நடுவராகவும் உட்கார்ந்தால் எழும் கேள்வி சென்னைக்கும் பொருந்தும்.

கடும் சட்டமும் முழு மருந்து இல்லை. பீகார் தொழிலாளர் வதந்தி விவகாரத்தில் கைதான யூடியூபர் மனீஷ் காஷ்யப் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. அந்தத் தடுப்புக்காவலை 2023 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது.

அப்படியானால் பாதிக்கப்பட்டவர் எங்கே போவது? முதலில் ஆதாரம்: பத்திரிகையின் பதிப்பு, தேதி, சேனல் என்றால் ஒளிபரப்பான நேரம், இணையம் என்றால் லிங்க், ஸ்கிரீன்ஷாட். அழித்துவிட்ட பதிவை வைத்துப் புகாரை நிரூபிப்பது கடினம்.

அச்சுப் பத்திரிகை என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் முறையிடலாம். நாளிதழ், வார இதழ் செய்திகளுக்கு வெளியான இரண்டு மாதத்துக்குள். மன்றம் எச்சரிக்கும், கண்டிக்கும். அபராதம் விதிக்க முடியாது.

செய்திச் சேனல் என்றால் ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் சேனலுக்கே புகார் அனுப்ப வேண்டும். தீராவிட்டால் 14 நாளுக்குள் செய்தி ஒளிபரப்பு மற்றும் டிஜிட்டல் தர ஆணையத்துக்குப் போகலாம். உறுப்பினர் சேனல்கள் மீதான புகார்களை மட்டுமே அது விசாரிக்கும். அது விதிக்கக்கூடிய ஒரு லட்ச ரூபாய் வரையிலான அபராதம் போதாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

பகையைத் தூண்டும் பொய்ச் செய்தியை உருவாக்கினாலும் பரப்பினாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஃபார்வேர்டு செய்தவரும் இதில் சிக்கலாம். நியாயமான காரணத்தோடு உண்மையென நம்பி, கெட்ட நோக்கமில்லாமல் வெளியிட்டவருக்கு விலக்கு இருக்கிறது.

தனிநபர் நடத்தும் யூடியூப் சேனல் பத்திரிகை மன்றத்தின் வரம்புக்குள் வராது. அங்கே புகாரைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். கிடைத்ததாக 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும். அவர் முடிவு சரியில்லை என்றால் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் ஆன்லைனில் மனுச் செய்யலாம்.