பன்னாட்டுக் கொள்கை முதுகலைப் படிப்பைத் தெரிவு செய்தல்

பன்னாட்டுக் கொள்கை முதுகலைப் படிப்பு என்பது வணிகம், பாதுகாப்பு, குடிபெயர்வு, சுற்றுச்சூழல், வளர்ச்சி உதவி ஆகியவற்றில் அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் எடுக்கும் முடிவுகளை ஆராயக் கற்பிக்கும் பட்டமேற்படிப்பாகும். அரசறிவியல், பொருளியல், சட்டம், வரலாறு, புள்ளியியல் ஆகியவை இதில் சேர்ந்து வரும். அமெரிக்காவில் இது பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் படிப்பு. பிரித்தானியாவில் பெரும்பாலும் ஓராண்டு. கல்விக்கூடத்தின் புகழைவிட, அந்தப் பட்டம் எந்த வேலைக்கு வழிவிடும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கல்விக்கூடங்கள்

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் அயலுறவுப் பணிப் பள்ளி 1919ஆம் ஆண்டிலும், ஜெனீவா பட்டமேற்படிப்பு நிறுவனம் 1927ஆம் ஆண்டிலும், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிளெட்சர் பள்ளி 1933ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. இந்தியாவில் 1955ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தியப் பன்னாட்டு ஆய்வியல் பள்ளி, 1970ஆம் ஆண்டில் தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

அமைவிடமும் முக்கியமானது. வாஷிங்டனில் உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் உள்ளன. ஜெனீவாவில் உலக வணிக அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் உள்ளன. அருகிலேயே படிப்பவர்களுக்குப் பயிற்சிப் பணி தேடுவது எளிது.

பட்டமும் பணியும்

இந்திய வெளியுறவுப் பணியில் சேர, மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வை எழுத வேண்டும். அதற்கு ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் போதும். வெளிநாட்டுப் பட்டத்துக்குத் தனி மதிப்பெண் இல்லை. தூதராகும் விருப்பத்துக்காக மட்டும் கடன் வாங்கி வெளிநாடு செல்ல நினைப்பவர் இதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஐக்கிய நாடுகள் அவையின் பணியிடங்கள் பலவற்றுக்கு முதுநிலைப் பட்டத்துடன் பணி அனுபவமும் கேட்கப்படுகிறது. அதன் இளம் வல்லுநர் திட்டத்துக்கு இளநிலைப் பட்டமே போதும். ஆனால் அந்தந்த ஆண்டில் பங்கேற்கும் நாடுகளின் குடிமக்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்க வெளியுறவுப் பணி அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. அந்நாட்டு நடுவண் அரசின் பெரும்பாலான வேலைகளும் அப்படியே. ஆகவே, அங்குள்ள ஒரு பள்ளியின் வேலைவாய்ப்பு அறிக்கையில் அரசுப் பணி பெற்றோர் மிகுதியாக இருந்தாலும், அந்தக் கணக்கு அயல்நாட்டு மாணவருக்குப் பொருந்தாது. அயல்நாட்டு மாணவர்களின் விவரத்தைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

பாடத்திட்டம்

சில படிப்புகளில் பொருளியலும் புள்ளியியலும் கட்டாயப் பாடங்கள். சிலவற்றில் வரலாறு, சட்டம், வட்டார ஆய்வு ஆகியவை மேலோங்கும். ஐக்கிய நாடுகள் அவையின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம், எசுப்பானியம். ஆங்கிலத்துடன் இவற்றில் இன்னொன்றைக் கற்க வாய்ப்புள்ளதா என்று பார்ப்பது பயன் தரும். ஆய்வாளராக விரும்புவோருக்குத் தொழில்முறைப் பட்டத்தைவிட ஆய்வேடு எழுதும் பட்டமே ஏற்றது.

செலவு

பொதுப்பணி, தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. கல்விக் கடன் பெரிதானால், எந்தப் பணியை விரும்பிப் படித்தாரோ அதையே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் நிலை ஏற்படும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்பின் செலவை ஏற்கிறது. படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அமெரிக்கப் படிப்புக்கு ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை உண்டு. இரண்டுக்கும் பணி அனுபவம் தேவை என்பதால், இளநிலைப் பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது வீண் தாமதம் ஆகாது.