ரமழான் தர்மமும் அதனைக் காக்கும் அமானிதமும்



ரமழான் ஈகையின் மாதமாகும். நமது நாட்டில் ஸகாத்தும் ஸதகாவும் பெருமளவில் வழங்கப்படுவது இம்மாதத்திலேயே. தராவீஹ் தொழுகையின் பின்னர் ஸப்புகளுக்கிடையே உண்டியல் கொண்டுசெல்லப்படுகின்றது. இருபத்தேழாம் இரவில் பள்ளிவாசல் உண்டியல்கள் நிரம்பிவிடுகின்றன. பெருநாளை அண்மித்த தினங்களில் பித்ரா அரிசி மூட்டைகள் விறாந்தையில் அடுக்கப்படுகின்றன. எண்ணப்படாத காசும் நிறுக்கப்படாத தானியமும் இவ்வாறு ஓரிடத்தில் குவியும்போது, அவற்றின் மீது திருடனின் கண்ணும் படுகின்றது. உண்டியல் உடைக்கப்படுவதும், சேகரித்த தொகையில் ஒரு பகுதி மறைவதும், இல்லாத நோயாளியின் பெயரால் பணம் திரட்டப்படுவதும் இக்காலத்தில் நாம் கேள்விப்படும் விடயங்களாகும். தர்மம் கொடுப்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுகின்றோம். அதனைப் பாதுகாப்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. அதுவும் மார்க்கத்தின் ஓர் அம்சமே என்பதை இங்கு விளக்க விரும்புகின்றோம்.

அபூஹுரைரா (ரழி) அவர்களின் காவல்

ரமழான் தர்மப் பொருளில் நடந்த திருட்டு புதிய விடயமன்று. நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே அது நிகழ்ந்துள்ளது. ரமழானின் ஸகாத்தைப் பாதுகாக்கும் பொறுப்பை நபியவர்கள் அபூஹுரைரா (ரழி) அவர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். இரவில் ஒருவன் வந்து உணவுப் பொருளைக் கைநிறைய அள்ளத் தொடங்கினான். அவனைப் பிடித்த அபூஹுரைரா (ரழி) அவர்கள், நபியவர்களிடம் கொண்டுசெல்லப் போவதாகக் கூறினார்கள். தான் வறியவன் என்றும், தனக்குக் குடும்பம் இருக்கின்றது என்றும் அவன் கெஞ்சவே, இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். காலையில் நபியவர்களே அது பற்றி வினவி, அவன் பொய் சொன்னான், மீண்டும் வருவான் என அறிவித்தார்கள். அவ்வாறே அவன் வந்தான். மூன்றாம் இரவில் ஆயத்துல் குர்ஸியின் சிறப்பைக் கூறித் தப்பிச் சென்றான். அவன் ஷைத்தான் என்பதை நபியவர்கள் பின்னர் தெளிவுபடுத்தினார்கள். இச்சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இந்த ஹதீஸை ஆயத்துல் குர்ஸியின் சிறப்புக்காகவே நாம் பெரும்பாலும் கேட்டிருக்கின்றோம். ஆயினும் தர்மப் பொருளின் நிர்வாகம் குறித்தும் இதில் பாடங்கள் உள்ளன. முதலாவது, ஸஹாபாக்கள் வாழ்ந்த மதீனாவிலும் தர்மப் பொருளுக்குக் காவல் போடப்பட்டது. காவல் வைப்பது மக்களைச் சந்தேகிப்பதாகாது. இரண்டாவது, பொறுப்பாளர் யாரென்பது தெளிவாக இருந்தது. மூன்றாவது, இரவில் நடந்ததைப் பற்றிக் காலையில் விசாரிக்கப்பட்டது. பொறுப்பாளரும் ஒளிக்காமல் விடையளித்தார். அபூஹுரைரா (ரழி) போன்ற ஒருவரிடமே கேட்கப்பட்டதென்றால், கணக்குக் கேட்பதை அவமதிப்பாகக் கருத நம்மில் யாருக்கு இடமுண்டு?

வறுமையை முன்வைத்துக் கெஞ்சுபவனின் வாதத்தையும் சிந்திக்க வேண்டும். தர்மம் ஏழைகளுக்குரியதுதானே, ஏழையொருவன் எடுத்தால் என்ன என்று சிலர் நினைக்கலாம். கேட்டுப் பெறுபவன் தன் பங்கைப் பெறுகின்றான். மறைவாக அள்ளுபவனோ தன்னைப் போன்ற இன்னோர் ஏழையின் பங்கையே அள்ளுகின்றான். பெருநாள் காலையில் அடுப்பெரியாத வீடு எதுவென்பதை அவன் அறிய மாட்டான்.

உள்ளிருந்து நிகழும் மோசடி

வெளியிலிருந்து வரும் திருடனைவிட ஆபத்தானது, பொறுப்பிலுள்ளவரின் கையாடலாகும். பொதுச் சொத்திலிருந்து இவ்வாறு எடுப்பதை மார்க்கம் ‘ஃகுலூல்’ எனக் கண்டிக்கின்றது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ஒரு பகுதியை முஸ்லிம்களுக்குரியதென்றும், மற்றொரு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பென்றும் கூறினார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தமது பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கேள்வி எழுப்பினார்கள். அநியாயமாக எடுத்ததை மறுமையில் கழுத்தில் சுமந்து வர நேரிடும் எனவும் எச்சரித்தார்கள்.

ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில், அதனை வசூலித்து நிர்வகிக்க நியமிக்கப்பட்டோரையும் அல்குர்ஆன் சேர்த்துள்ளது. உழைப்புக்கு வெளிப்படையான ஊதியம் வழங்க வழியிருக்கும்போது, இரகசியமாக எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இழப்பு யாரைச் சாரும்?

பித்ரா தலைக்கு ஒரு ஸாஉ ஆகும். அதாவது சுமார் இரண்டரைக் கிலோ அரிசி. அதனைப் பெருநாள் தொழுகைக்கு முன்னர் கொடுப்பதே சிறந்தது. பெருநாள் தினத்தைக் கடந்து தாமதிப்பது கூடாது. நாம் நமது சார்பில் ஒருவரை வகீலாக நியமித்து, அவரிடமிருந்து அது உரியவரைச் சேராமல் தொலைந்துவிட்டால், நமது கடமை நீங்காது என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடாகும். எனவே யாரிடம் கொடுக்கின்றோம் என விசாரிப்பது கொடுப்பவரின் கடமையுமாகும். பொருளைப் பொறுப்பேற்றவர் கவனக்குறைவாக நடந்து அது தொலைந்தால், அதனை ஈடுசெய்ய வேண்டியவர் அவரே.

நாட்டின் சட்டமும் இதனைப் பாரதூரமாகக் கருதுகின்றது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம், பள்ளிவாசல் நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் கணக்குகளைப் பேணி ஒப்படைக்க வேண்டுமெனப் பணிக்கின்றது. ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கையாடுவது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும்.

நாம் செய்ய வேண்டியவை

உண்டியலுக்கு இரு பூட்டுகள் இட்டு, திறப்புகளை வெவ்வேறு இருவரிடம் வைத்திருக்கலாம். திறக்கும்போது குறைந்தது மூவர் முன்னிலையில் எண்ணி, அன்றிரவே தொகையை எழுதிக் கையொப்பமிட வேண்டும். பணத்தைத் தனியொருவர் வீட்டில் வைக்காது வங்கியில் இடுதல் நன்று. பற்றுச்சீட்டுகளுக்குத் தொடர் இலக்கம் அவசியமாகும். பெருநாளின் பின்னர் வரவையும் பங்கீட்டையும் அறிவித்தல் பலகையில் இடலாம். ஆனால் ஸகாத் பெற்றவர்களின் பெயரை வெளியிட்டு அவர்களின் மானத்தைக் குலைக்கலாகாது.

வெளியூரிலிருந்து கடிதத்துடன் வருவோரின் விடயத்தில், அக்கடிதத்தை வழங்கிய பள்ளிவாசலுடன் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வட்ஸ்அப் மூலம் வரும் நோயாளியின் படத்தையும் வங்கிக் கணக்கிலக்கத்தையும் விசாரிக்காமல் பிறருக்கு அனுப்புவது, மோசடிக்குத் துணைபோவதாக முடியலாம். அதேவேளை, ஆதாரமின்றி எவரையும் திருடன் எனத் தூற்றுவதும் பெரும் பாவமாகும். குறை கண்டால் நிர்வாகத்திடமும், தேவையேற்படின் வக்பு சபையிடமும் பொலிஸாரிடமும் முறைப்படி அறிவிப்போம். ஊரின் மானம் கருதி மூடி மறைப்பது, அடுத்த ரமழானிலும் அதே கைக்கு உண்டியலை ஒப்படைப்பதாகவே அமையும்.

சகோதரர்களே! கணக்குக் காட்டுவது நேர்மையாளருக்குக் கேடயமாகும். அவர் மீது பழி விழாமல் காப்பதும் அதுவே. நமது தர்மங்கள் உரியவர்களின் கைகளைச் சென்றடையவும், நாம் சுமந்த அமானிதத்தைக் குறைவின்றி நிறைவேற்றவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.