ரிப்பன் மைக்கை ஊதிப் பார்க்காதீங்க!

மைக் கையில் கிடைத்ததும் ஊதிப் பார்ப்பது நம்ம பழக்கம். 1930-களில் வந்த ஆர்.சி.ஏ. 44 போன்ற பழைய ரிப்பன் மைக்கில் அது கூடவே கூடாது. காந்தத் துருவங்களுக்கு நடுவே தொங்கும் அலுமினிய ரிப்பனின் தடிமன் சில மைக்ரான்தான்! ஊதினால் தொய்ந்துவிடும், கிழிந்தாலும் கிழியும். இந்த மெலிவால்தான் ஒலி இயல்பாக, இதமாக வருகிறது.

முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. வேண்டாத சத்தம் பக்கவாட்டில் இருக்கும்படி மைக்கைத் திருப்புங்க. பாடுபவர் ஒன்றரை அடியாவது தள்ளி நிற்கட்டும். நெருங்கினால் பேஸ் ஏறி வார்த்தை அமுங்கும். வெளியீடு மிகக் குறைவு என்பதால் 60 டெசிபல் அளவுக்காவது பெருக்கும், இரைச்சல் குறைந்த ப்ரீ-ஆம்ப் தேவை. அதன் உள்ளீட்டு இம்பீடன்ஸ், மைக்கினுடையதைப்போல் 5 மடங்குக்குக் குறையக் கூடாது. 48 வோல்ட் பான்டம் சப்ளையை அணைத்த பிறகே இணையுங்க. கேபிளில் ஷார்ட் இருந்தால் ரிப்பன் போச்சு!