விஷவாயு மட்டும் கொல்லவில்லை: மலக்குழிச் சாவுகளும் பொதுச் சுகாதாரமும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரைச் சிந்தனையாளர், பௌத்தர், பத்திரிகையாளர் என்று நினைவுகூர்கிறோம். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அவர், தொழிலால் சித்த மருத்துவர். ஒரு மருத்துவரின் பெயரால் நடக்கும் கூட்டத்தில், மருந்தே தேவைப்படாமல் முழுக்கத் தடுத்துவிடக்கூடிய ஒரு சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

‘விஷவாயு தாக்கி மூவர் பலி.’ இந்தத் தலைப்பை நாம் எத்தனை முறை படித்திருப்போம்! அதில் தாக்கியது வாயு. ஆளை உள்ளே இறக்கியவர் யார் என்பது தலைப்பில் இருப்பதில்லை. முதலில் அந்த வாயு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

மூடிக் கிடக்கும் குழியில் மலமும் சகதியும் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். குறைந்த அளவில் இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தில்லை என்று தொழிலாளி நினைக்கும் நேரம்தான் ஆபத்து கூடிய நேரம். 500ஐத் தாண்டினால் மயக்கம். 1000ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். முகத்தில் கட்டிய துண்டோ துணி முகக்கவசமோ இந்த வாயுவைத் தடுக்காது.

கரப்பான்பூச்சி உயிரோடு ஓடினால் இறங்கலாம், தீக்குச்சி அணையாமல் எரிந்தால் இறங்கலாம் என்று நம் ஆட்களிடம் சில கணக்குகள் உண்டு. கருவி கொடுக்கப்படாதவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட கருவிகள் அவை. ஆனால் தீக்குச்சி ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டித் தராது. மீத்தேன் இருந்தால் குழியே வெடிக்கும். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டாலும் போதாது. கழியால் சகதியைக் கிளறியவுடன் அதில் சிறைப்பட்டிருந்த வாயு ஒரே மூச்சாக வெளியே வரும்.

ஏன் மூன்று பேர் சாகிறார்கள்? முதல் ஆள் விழுந்ததும் அண்ணனோ மைத்துனரோ கூட வந்தவரோ காப்பாற்றக் குதிக்கிறார். சுவாசக் கருவியும் இழுத்துத் தூக்கும் கயிறும் இல்லாத இடத்தில் பாசமே அடுத்த பலியைக் கேட்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1993 சட்டம் உலர் கழிப்பறைகளைத்தான் முதன்மையாகக் குறிவைத்தது. 2013 சட்டம் பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சேர்த்துக்கொண்டது. ‘அபாயகரமான துப்புரவு’க்கு ஆளை அமர்த்தினால், முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம் அது. அவசரம் என்றாலும் பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவது குற்றமாக்கப்பட வேண்டும் என்று 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1993 முதல் இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர ஆணையிட்டது. 2023 அக்டோபரில் சாக்கடைச் சாவுக்கான தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் சாவு ஏன் தொடர்கிறது? சட்டத்தின் சொற்களிலேயே ஒரு சந்து இருக்கிறது. குறிப்பிட்ட சாதனங்களோடும் கவசங்களோடும் செய்தால் அதே வேலை ‘கையால் மலம் அள்ளுதல்’ ஆகாது. 2021இல் கையால் மலம் அள்ளியதால் யாரும் இறக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்தபோது 941 பேர் இறந்ததாகவும் அதே அரசுதான் சொன்னது. ஒரே சாவு, இரண்டு பட்டியல். ஒரு பட்டியலில் சுழியம் போட்டுவிட்டால் நோய் ஒழிந்துவிட்டதாகக் கணக்கு.

பொதுச் சுகாதாரத்தில் ஓர் அடிப்படைப் பாடம் உண்டு. ஆபத்தை அடியோடு நீக்குவது முதல் படி. அது முடியாவிட்டால் மனிதனுக்குப் பதில் இயந்திரம். அதன்பின் கட்டமைப்பைத் திருத்துவது, பிறகு பயிற்சியும் கண்காணிப்பும். கையுறையும் கவசமும் கடைசிப் படி. நாம் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம்; அதையும் ஒப்பந்தக்காரர் ரசீதில் மட்டும் வாங்குகிறார். ஆள் இறங்கத் தேவையில்லாத குழியைக் கட்டுவதும், குழாய் அடைக்காதபடி பராமரிப்பதும்தான் உண்மையான உயிர்காப்பு.

முடியாத காரியமா? 2018இல் கேரளத்தில் ஆள்குழியைச் சுத்தம் செய்யும் ‘பாண்டிகூட்’ ரோபோ பயன்பாட்டுக்கு வந்தது. குறுகிய தெருவில் நுழையும் சிறிய ஜெட்டிங் வண்டிகளை ஹைதராபாத்தும் டெல்லியும் இறக்கின. தொழில்நுட்பம் இருக்கிறது. இயந்திரத்தின் வாடகையைவிடச் சேரியிலிருந்து வரும் ஆளின் கூலி குறைவாக இருக்கும்வரை ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த உடல் மலிவாகக் கிடைப்பது சாதியால்.

சில ஆண்டுகளுக்கு முன், கணவரை இழந்த ஒரு தங்கையோடு காவல் நிலையத்துக்குப் போனேன். எழுதி வைத்திருந்த புகாரில் ‘தவறி விழுந்து’ என்று இருந்தது. “தவறி விழல அக்கா, இறங்கச் சொன்னாங்க” என்றாள் அவள். அந்த ஒரு சொல்லை மாற்ற மாலைவரை உட்கார்ந்திருந்தோம். ‘தவறி விழுந்து’ என்றால் விபத்து. ‘இறக்கப்பட்டு’ என்றால் குற்றம். வழக்கும் இழப்பீடும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகின்றன.

ஆகவே மூன்று வேலைகள். சாவு நடந்தால் முதல் தகவல் அறிக்கையில் 2013 சட்டமும், இறந்தவர் பட்டியல் சாதியினராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று அன்றே பாருங்கள். உங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பினால் உரிமம் பெற்ற உறிஞ்சு வண்டியை மட்டும் அழையுங்கள். 14420 என்ற உதவி எண் இருக்கிறது. ‘அடியில் கொஞ்சம் மண் நிக்குது, ஒரு ஆள் இறங்குனா முடிஞ்சிடும்’ என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். மூன்றாவது, உங்கள் ஊராட்சியிலும் நகராட்சியிலும் எத்தனை வண்டி, எத்தனை இயந்திரம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

அந்தத் தங்கையின் மகன் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான். அப்பா செய்த வேலைக்கு அவனையும் கூப்பிட்டு ஒருவர் வந்தாராம். அவள் அனுப்பவில்லை. அவள் சொன்ன ‘மாட்டேன்’ அரசின் கொள்கையாக வேண்டும்.

ஜெய்பீம்.