உக்கிராணக்காரன் கணக்கு

பணத்தைப் பற்றிக் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது என்று கேட்டால், நம் சங்க நண்பர்களில் பெரும்பாலோர் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர். மற்றொன்று, பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். முதலாவது அரைகுறை. தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் வேர் என்று சொல்லப்படுவது பண ஆசை, பணம் அல்ல. இரண்டாவதில் உண்மை உண்டு. ஆனால் தசமபாகம் கொடுத்தாயிற்று, விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். வங்கியில் முப்பது வருஷம் கணக்கோடு மல்லுக்கட்டியவன் என்கிற முறையில், மீதி ஒன்பது பங்கைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் பேசப் போகிறேன்.

பழைய தமிழ் வேதாகமத்தில் ஓர் அருமையான சொல் இருக்கிறது: உக்கிராணக்காரன். உக்கிராணம் என்றால் பண்டசாலை. கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அடுக்கி வைத்து, ஒருவர் சாவியோடு உட்கார்ந்திருப்பாரே, அந்த அறை. கேட்கிறவர்களுக்கு அவர்தான் அளந்து கொடுப்பார். ஒரு படி அரிசிகூட அவருக்குச் சொந்தம் இல்லை. ஆனால் அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. லூக்கா 16ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதை இப்படிப்பட்ட ஒருவனைப் பற்றியது. எஜமான் அவனிடம் ‘என் பங்கு எங்கே’ என்று கேட்பதில்லை. முழுக் கணக்கையும் ஒப்புவிக்கச் சொல்கிறான். நான் புரிந்துகொண்ட வரையில், இந்தச் சமயத்தின் பொருளியல் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடக்கம்.

தாலந்து கதையும் அதே ரகம்தான். இன்று நம் சபைகளில் தாலந்துப் போட்டி என்றால் பிள்ளைகள் பாடுவதும் படம் வரைவதும். மூலக்கதையில் அது வெறும் பணம், அதுவும் பெரிய பணம். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆக, ஒரே ஒரு தாலந்து பெற்றவன்கூட ஏறக்குறைய 20 வருஷக் கூலியைக் கையில் வாங்கியிருக்கிறான். அதை மண்ணில் புதைத்தவனைப் பார்த்து, காசுக்காரரிடமாவது போட்டிருந்தால் வட்டி கிடைத்திருக்குமே என்று எஜமான் கடிந்துகொள்கிறான். வங்கிக்காரனுக்கு இதைவிடச் சந்தோஷமான பகுதி வேதத்தில் கிடையாது! ஆனால் அதே வேதத்தில் யாத்திராகமம், ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கக் கூடாது என்று தடுக்கிறது. தொழிலில் போட்ட முதல் வேறு, அடுப்பு எரியக் கேட்ட கடன் வேறு. நம் ஊரின் மீட்டர் வட்டி இந்த இரண்டாவது வகையில்தான் கொழுக்கிறது.

சம்பாதிப்பு, சேமிப்பு, கொடை ஆகிய மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியவர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி (1703-1791). மூன்றையும் இயன்ற மட்டும் செய்யச் சொன்னார். ஆனால் சம்பாத்தியத்துக்கு வரம்பு வைத்தார்: தன் உடம்பைக் கெடுத்தும் கூடாது, அடுத்தவன் உடம்பையோ பிழைப்பையோ கெடுத்தும் கூடாது. சாராய வியாபாரிகளை அவர் விட்டுவைக்கவே இல்லை. கூலி விஷயத்தில் பைபிள் இன்னும் கறார். உழைத்தவனின் கூலி சூரியன் அஸ்தமிக்கும் முன் அவன் கைக்குப் போக வேண்டும் என்கிறது உபாகமம். நம் அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கு ‘பத்தாம் தேதிக்கு மேல் வாம்மா’ என்கிறோமே, அதுவும் இந்தக் கணக்கில் பற்றாகத்தான் ஏறும்.

வெஸ்லி சொன்ன சேமிப்பு, வங்கியில் போட்டுப் பூட்டுவது அல்ல, வீண்செலவை வெட்டுவது. இளமையில் அவர் வருமானம் ஆண்டுக்கு 30 பவுண்டு; 28இல் வாழ்ந்து 2 பவுண்டைத் தானம் செய்தார். வருமானம் 60, 90, 120 என்று ஏறியபோதும் வாழ்க்கைச் செலவு 28லேயே நின்றது என்று அவருடைய வரலாற்றில் சொல்வார்கள். நமக்கெல்லாம் இது நடக்கிற காரியமா? விலைவாசியும் பள்ளிக் கட்டணமும் விடாது. ஆனாலும் ‘போதும்’ என்கிற கோட்டைச் சம்பளம் உயர்வதற்கு முன்பே போட்டுவைத்தார் பாருங்கள், அது சாமர்த்தியம். நமக்கு அகவிலைப்படி அறிவித்த அன்றைக்கே வீட்டில் பெரிய டிவி பற்றிப் பேச்சு வந்துவிடுகிறது.

கொடுப்பதற்கு வசதி வேண்டும் என்பார்கள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் பெண்கள் 1910இல் வேறு வழி கண்டார்கள். சோறு பொங்க அளக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவது. சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரிப்பார்கள். விற்ற பணம் ஊழியத்துக்கு. ‘புஃபாய் தாம்’ என்று பெயர். நூற்றாண்டு கடந்தும் நடக்கிறது, சபை வருமானத்தில் இதற்குப் பெரிய இடம். காஞ்சிப் பெரியவரின் பிடியரிசித் திட்டத்தை அறிந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. மிச்சம் விழுந்தால் கொடுப்பது என்றால் என்றைக்கும் மிச்சம் விழாது. உலையில் போடுமுன் எடுத்தால்தான் உண்டு.

இனி, எனக்கு மனவருத்தம் தருகிற ஒன்று. கொடுத்தால் நூறு மடங்கு திரும்பும் என்று காணிக்கையை ‘விதை’ ஆக்கிப் பேசும் உபதேசம் தொலைக்காட்சி வழியே நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த தொகையை ஒரு கூட்டத்தில் அப்படி விதைத்தது. பிறகு தாயாரின் வளையலை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார்கள். வட்டி இன்னும் ஓடுகிறது. அந்தப் பெண் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

அவர்களுக்கு யாராவது மாற்கு 7ஆம் அதிகாரத்தைக் காட்டியிருக்கலாம். அந்தக் காலத்தில் ‘கொர்பான்’ என்று ஒரு வழக்கம். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிக் கைகழுவிவிடலாம். இயேசு அதை வெளிப்படையாகவே கண்டித்தார். ஊரில் அப்பாவின் மருந்துச் செலவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிற நம்மில் பலருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பணம் காணிக்கையிலிருந்து திருடியது அல்ல. வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசத்தையே மறுதலித்தவன் என்கிற அளவுக்குத் தீமோத்தேயு நிருபம் போகிறது.

கேட்கிறவர்களுக்கும் கணக்கு உண்டு. எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டிய பவுல், தாமே நம்பிக்கையானவர் என்று தனியாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. யாரும் குறை சொல்ல இடமிருக்கக் கூடாது என்று சபைகள் நியமித்த ஆளையும் கூட அனுப்ப ஏற்பாடு செய்தார். இரண்டாம் கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தணிக்கை செய்த வரவு செலவைக் காட்டுங்கள் என்று எந்த ஊழியக்காரரிடமும் கேட்பது அவிசுவாசம் ஆகாது. எங்கள் சபையில் வருஷக் கூட்டத்தன்று அச்சடித்தே கொடுக்கிறார்கள், ட்யூப்லைட் மாற்றிய செலவுகூட அதில் இருக்கும். பொருளாளர் அதை வாசிக்கத் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் பாதிப் பேர் சாப்பாட்டு வரிசைக்கு எழுந்து போய்விடுகிறார்கள்.