சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

திருத்தங்கலில் காகிதக் கட்டு, தீப்பெட்டி பண்டல், பட்டாசுப் பெட்டி என்று எதை ஏற்றி இறக்கும் இடத்துக்குப் போனாலும் பத்து வயதைத் தாண்டிய பிக்கப் ஒன்றாவது நிற்கும். அது நகர்ந்த பிறகு தரையைப் பார்த்தால் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். "பழைய வண்டின்னா கொஞ்சம் ஆயில் ஒழுகத்தாண்ணே செய்யும்" என்று சொல்லிவிட்டு டிரைவர் அடுத்த லோடுக்குக் கிளம்பிவிடுவார். ஒழுகல் அதிகமானதும் பட்டறைக்குப் போவார். பணமும் நாளும் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆயில் சொட்டுகிற இடத்தைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். கசிவு தொடங்கும் இடத்தைக் காட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகு வேலைக்குச் சம்மதியுங்கள்.

என்ஜினின் தலைப்பக்கம் கசிந்த ஆயில் பிளாக் வழியாக இறங்கும். ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளும். கடைசியில் அது சொட்டுவது என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில். அங்கே ஈரத்தைப் பார்த்தவுடன் "பின் கிராங்க் ஆயில் சீல் போயிருச்சு, கியர் பாக்ஸ இறக்கணும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சீல் விலை சில நூறு ரூபாய்தான். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியும் வண்டி நிற்கும் நாட்களும்தான் செலவு. எல்லாம் முடித்து ஓட்டினால் அதே இடத்தில் மறுபடி சொட்டும். குற்றவாளி மேலே டாப் கவர் பேக்கிங்கின் பின் மூலையிலோ ஆயில் பிரஷர் சுவிட்சிலோ இருந்திருக்கும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சொட்டுவது என்ஜின் ஆயில்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். டீசல் என்ஜின் ஆயில் கறுப்பாக இருக்கும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டியானது, மூக்கைத் துளைக்கும் நாற்றம் உள்ளது. அதுவும் கிளட்ச் ஹவுசிங் துளை வழியாகவே சொட்டும் என்பதால் குழப்பம் வரும். கூலன்ட் தண்ணீர் போல ஓடும். பிரேக் ஆயில் தெளிவாக, வழுவழுப்பாக இருக்கும். அதைக் கண்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பிறகு என்ஜின் ஆறிய நிலையில் மேலிருந்து கீழ்வரை டீகிரீசர் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். ஆல்டர்னேட்டரில் தண்ணீர் படாமல் மூடிக்கொள்ளுங்கள். கழுவாமல் தேடினால் நேற்றைய கசிவையும் போன வருடக் கசிவையும் பிரிக்க முடியாது. சிறிது தூரம் ஓட்டி வந்து, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து இரவு முழுக்க நிறுத்துங்கள். அச்சகங்கள் கழித்துப் போடும் பெரிய தாளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. முன் சக்கரம் இருக்கும் இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டால், சொட்டு என்ஜினின் எந்தப் பகுதிக்கு நேர் கீழே என்று காலையில் தெரியும். அங்கிருந்து டார்ச்சை மேல்நோக்கி அடித்து, ஈரமாக இருக்கும் இடங்களிலேயே மிக உயரமானதையும் மிக முன்னால் இருப்பதையும் தேடுங்கள். சந்தேகமான இடத்தில் முகப்பவுடர் தூவி என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்தால், ஆயில் போகும் தடம் பவுடரில் கோடாக விழும். சுழலும் பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் கை வைக்க வேண்டாம்.

மலிவான இடங்களை முதலில் பாருங்கள்: டிரெயின் போல்ட் வாஷர், ஆயில் ஃபில்டர், பிரஷர் சுவிட்ச், டாப் கவர் பேக்கிங், டர்போ உள்ள வண்டியில் அதன் ரிட்டர்ன் பைப். முன் கிராங்க் சீல், ஆயில் சேம்பர் பேக்கிங் இவையெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டு விஷயத்தை நிறைய பேர் கவனிப்பதில்லை. பழைய டீசல் பிக்கப்கள் பலவற்றில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். என்ஜின் ஆயில் அதற்குள் போய் வருகிறது. அங்கே கசிந்தால் ஆல்டர்னேட்டர் கெடும். பம்ப் பலவீனப்பட்டால் பிரேக் பெடல் இறுகிவிடும். பாரத்தோடு வரும்போது வண்டி எளிதில் நிற்காது. இன்னொன்று, என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீத்தர். அது அடைபட்டாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்தாலோ என்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் மீறி ஆயிலை வெளியே தள்ளும். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் தளர்த்திப் பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் சீல் மாற்றுவது வீண். பிரீத்தரைச் சுத்தம் செய்தும் நிற்கவில்லை என்றால் பேச வேண்டியது என்ஜின் வேலையைப் பற்றி. மேலே சிலிகான் பசை அப்பி அனுப்புகிறவரிடம் பிரீத்தரைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

ஆபத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஆயில் மட்டம் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். என்ஜின் ஆயில் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. பாரம் இழுக்கும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதைவிட அதிகமாகச் சூடேறும். வேறு ஊரில் இது ஒரு வண்டி எரிவதோடு போகலாம். இங்கே பின்னால் இருப்பது என்ன சரக்கு என்று யோசிக்க வேண்டும். வெடிபொருள் விதிகள் 2008 பட்டாசை வெடிபொருளின் 7ஆம் வகுப்பில் வைத்திருக்கின்றன. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசுக் கிடங்கில் வண்டியில் சரக்கு ஏற்றும்போது பிடித்த தீயின் புகை, அருகில் இருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து அங்கிருந்தவர்கள் பலர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அது ஆயில் கசிவால் வந்த தீ என்று நான் சொல்லவில்லை. பட்டாசு ஏற்றிய வண்டியில் பற்றும் தீ அந்த வண்டியோடு நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன். ஆயில் ஒழுகும் வண்டியில், கசிவு நிற்கும்வரை, பட்டாசு ஏற்றக் கூடாது. முதலாளி அவசரப்படுத்தினாலும் டிரைவர் மறுக்க வேண்டும். குறைபாடு தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடியதாக இருந்தும், ஆபத்தான வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 190ஆவது பிரிவின்படி குற்றம். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று (எஃப்.சி.) வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். தேய்மானத்தால் வரும் கசிவுக்கு வழக்கமான இன்சூரன்ஸில் பணம் கிடைக்காது.

இனி உரிமை. "லோடு வண்டி வியாபாரத்துக்கு ஓடுறது, நீ நுகர்வோரே இல்லை" என்று சொல்லி வாயடைப்பார்கள். அது எல்லோருக்கும் பொருந்தாது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டும் டிரைவர் நுகர்வோர்தான். வாங்கி முழுக்க வேறொருவரை வைத்து ஓட்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. சுயதொழிலில் பிழைப்பு நடத்துவோருக்கான அந்த விலக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இலும் இருக்கிறது. ஒற்றைக் குட்டியானை லோடு வண்டியைத் தானே ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் கையில் காகிதம் வேண்டும். என்ஜினைப் பிரிக்கும் முன் கசியும் இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன வேலை, என்ன பாகம், கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சீலையும் பேக்கிங்கையும் கேட்டு வாங்கி வையுங்கள். ரசீது கேட்பது மெக்கானிக்கை அவமதிப்பது ஆகாது. நேர்மையாக வேலை செய்கிறவருக்கும் அதுதான் பாதுகாப்பு. அவருக்கும் உரிமை உண்டு: செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை வண்டியைத் தன்னிடம் நிறுத்திவைக்க இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 170ஆவது பிரிவு அனுமதிக்கிறது. பட்டறையில் சண்டை போட்டு வண்டியை எடுத்து வருவதைவிட, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிப் பணம் கட்டிவிட்டு முறையிடுவது நல்லது.

தவறான வேலைக்குப் பணம் போயிருந்தால் முதலில் பட்டறைக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. தனி ஆளிடமிருந்து பழைய வண்டி வாங்கி ஏமாந்தவருக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. பழைய வண்டி பார்க்கப் போகும்போது என்ஜின் மட்டும் புதிதாகக் கழுவிப் பளபளத்தால், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அடியில் காகிதம் விரித்துப் பாருங்கள்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2016ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கொடுக்கும் பட்டறையிலோ சர்வீஸ் நிலையத்திலோ ஒப்படையுங்கள். கையிலும் உடம்பிலும் பட விடாதீர்கள், தொடர்ந்து பட்டால் தோல் புற்றுநோய் வரக்கூடும்.

நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கக் கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். ரசீதையும் பழைய பாகத்தையும் அதுவரை பத்திரமாக வையுங்கள்.