வாட்டர் ஹீட்டரைப் போட்டால் மின்சாரம் ‘விழுவது’ ஏன்?

விடியற்காலை ஐந்து மணி. கூலிமுக்குப் போகும் தொழிற்சாலை பஸ் ஐந்தரைக்கு வந்துவிடும். குளியலறையில் வாட்டர் ஹீட்டரைத் திறந்த இரண்டாவது நிமிடம் ‘டக்’கென்று வீடே இருட்டாகிறது. மெயின் போர்டில் விழுந்த சுவிட்சை மேலே தள்ளுகிறீர்கள். மறுபடியும் விழுகிறது. பீடோங், பாடாங் செராய் பக்கத்துத் தோட்ட வீடானாலும் சுங்கைப்பட்டாணி தாமான் வீடானாலும் கதை ஒன்றுதான். எரிச்சலில் சிலர், “அந்தச் சுவிட்சை எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள்” என்று ஒயர்மேனிடம் கேட்பதுண்டு. கேட்காதீர்கள். உங்களைக் காப்பாற்றுவதே அதுதான்.

முதலில், விழுந்தது எது என்று பாருங்கள். ஒல்லியான சுவிட்ச் என்றால் மின்னோட்டம் அளவு மீறியிருக்கிறது. 3.6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். அதை 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் கருகத்தான் செய்யும். போர்டிலிருந்து தனி ஒயரும் 20 ஆம்பியர் இரட்டை முனை சுவிட்சும் வேண்டும்.

‘டெஸ்ட்’ பட்டன் உள்ள அகலமான சுவிட்ச் விழுந்தால் விஷயம் வேறு. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. லைவ் ஒயரில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. சமமில்லை என்றால் மீதி எங்கோ கசிகிறது என்று பொருள். தண்ணீர் வழியாகவோ, உங்கள் உடல் வழியாகவோ. 10 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டினால் இதயமே தடுமாறலாம். அதனால்தான் ஈரத் தரை உள்ள இடங்களுக்கு 10 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும் என்கின்றன நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள்.

எர்த் ஒயர் இருக்கிறதே, அது போதாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீடுகளின் எர்த், வெளியே மண்ணில் அடித்த கம்பியை நம்பி இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் மண் காய்ந்தால் அதன் மின்தடை ஏறும். 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230-ஐ 50-ஆல் வகுக்க 4.6 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் சுவிட்ச் இதைக் கண்டுகொள்ளாது. ஹீட்டரின் உலோகப் பாகங்களில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஆர்.சி.சி.பி.யோ உடனே விழும்.

கோளாறு எங்கே? ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். நின்றால் சந்தேகம் ஹீட்டர் மேல்தான். போட்டவுடன் விழுந்தால் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம், ஒயர் உலோகத்தைத் தொட்டிருக்கலாம். சூடேறிய பிறகு விழுந்தால் பெரும்பாலும் சூடேற்றும் சுருளின் உறையில் வெடிப்பு. அணைத்திருந்தும் விழுகிறதா? மற்ற சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் சுவிட்ச் லைவை மட்டும் வெட்டும் ரகமா என்று ஒயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரல் வழியாகவும் கசியும். பெட்டியைத் திறப்பது அவர் வேலை, உங்களுடையதல்ல.

‘டெஸ்ட்’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் அது சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதை மட்டுமே காட்டும். எர்த் ஒயர் அறுந்து கிடந்தாலும் பட்டன் அழகாக ‘டக்’கென்று விழும்! எர்த்தைக் கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இன்னொன்று தெர்மோஸ்டாட். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய சிறு தட்டு அது. சூடு மீறினால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். குளிக்கும்போது தண்ணீர் சூடாவதும் ஆறுவதுமாக இருந்தால் தட்டைக் குறை சொல்லாதீர்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் 3.6 கிலோவாட் ஹீட்டர் தண்ணீரை ஏறத்தாழ 26 டிகிரி சூடேற்றும். ஷவர் துளைகள் அடைத்து ஓட்டம் பாதியானால் அது 50 டிகிரியைத் தாண்டும். தட்டு வெட்டத்தானே செய்யும்? ஷவர் தலையைக் கழற்றிக் கழுவினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். தெர்மோஸ்டாட்டின் இரண்டு ஒயர்களையும் முறுக்கி இணைத்துக் கொடுப்பவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.